ஒரே காம்பராவில் இருந்துகொண்டு மன அமைதிக்குச் சாதனை செய்வது எப்படி?

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒற்றை அறையில் (காம்பரா) இருந்துகொண்டு கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலை. மாமியும் இரண்டு பிள்ளைகளும் நானும் ஒரே காம்பராவில். கண்ணை மூடி உட்கார்ந்தால் கடனும் சண்டையும்தான் ஓடுகிறது. போனில் ஒரு வீடியோவைப் பார்த்து மூச்சை அடக்கிப் பழகினேன். தலை சுற்றிப் படுத்துவிட்டேன். தீட்சை எடுக்காதவள் மந்திரம் சொல்லலாமா? தீட்டு நாட்களில் என்ன செய்வது? எத்தனை நாளில் மனம் அடங்கும்?"

மூச்சை அடக்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இப்படியான வீடியோக்களில் வருவது பெரும்பாலும் 16, 64, 32 என்ற கணக்கு. திருமந்திரத்தில் உள்ள கணக்குத்தான்: இடது நாசியால் 16 மாத்திரை (மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம்) இழுப்பது பூரகம், 64 மாத்திரை நிறுத்துவது கும்பகம், 32 மாத்திரையில் விடுவது ரேசகம். கணக்கில் பிழையில்லை. ஆனால் எட்டுப் படிகள் கொண்ட அட்டாங்க யோகத்தில் பிராணாயாமம் என்ற இந்த மூச்சுப் பயிற்சி நாலாவது படி. இயமம் (தகாததை விலக்குவது), நியமம் (நல்லொழுங்கைக் கடைப்பிடிப்பது), ஆசனம் மூன்றும் பழகி, சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காகி, பக்கத்தில் பார்த்துத் திருத்த ஒருவர் இருக்கும்போது எடுக்க வேண்டியதை, காலை நாலரைக்கு எழும்பி மூன்று வேளைக்கும் சமைத்துவிட்டு மலைக்குப் போகிறவர் முதல் நாளே எடுத்தால் உடம்பு முரண்டுபிடிக்கத்தான் செய்யும்.

தலை சுற்றியதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். அடக்கிப் பிடித்தது அளவு மீறியிருக்கலாம். நீங்கள் இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல். காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவில், 1,868 மீற்றரில், ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது பழக்கம்தான், ஆனாலும் அடக்கும்போது ஒட்சிசன் கையிருப்புச் சீக்கிரம் தீரும். இரண்டாவது, அடக்குவதற்கு முன்னால் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து விட்டிருப்பீர்கள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். உதட்டிலும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் விறுவிறுத்திருந்தால் காரணம் இதுதான். பலர் அதைச் சக்தி ஏறுகிறது என்று நினைத்து இன்னும் வேகமாக இழுக்கிறார்கள்.

மூன்றாவது காரணத்தை ஆன்மீகம் பேசுகிறவர்கள் சொல்வதேயில்லை: இரத்தம் குறைவாக இருப்பது. ஏற்றத்தில் நாலு படி ஏறினால் நெஞ்சு படபடப்பது, எழும்பும்போது கண் இருட்டுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது எல்லாம் இருந்தால் கிளினிக்கில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. ரொட்டியும் சாயத்தண்ணீரும் ஒன்றாகப் போவது நம்முடைய பழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்பு சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணீர் குடியுங்கள். இரும்புக் குளிசை தந்தால் தேத்தண்ணீரோடு விழுங்காமல் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். படபடக்கிற நெஞ்சை வைத்துக்கொண்டு மனதை அடக்கப் பார்ப்பது வீண்வேலை.

சரி, மூச்சை என்ன செய்வது? இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், அவ்வளவுதான். மூக்கால் 4 எண்ணி உள்ளே. 6 எண்ணி வெளியே. நடுவில் நிறுத்தம் இல்லை. எண்ணுவதற்கு எண் வேண்டாம், வெளிவிடும்போது ச, ர, வ, ண, ப, வ என்று ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாக விடுங்கள். ஒரு எழுத்துக்கு ஒரு வினாடி வந்தால் ஒரு மூச்சுக்கு 10 வினாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. மூச்சு வெளியே போகும்போதுதான் இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிக்கும். அந்த நேரத்தை நீட்டுவதால் உடம்பு தானாகத் தணிகிறது. காற்றுப் போதாமல் திணறினால் எழுத்துகளைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லி மூச்சைச் சுருக்குங்கள், வம்பு பண்ண வேண்டாம். பஞ்சாட்சரம் சொல்லிப் பழகியவர்கள் 3 எண்ணி இழுத்து, ந, ம, சி, வா, ய என்று ஐந்தில் விடலாம். பனிக்காலத்தில் மூக்கு அடைத்திருந்தால் கணக்கை விட்டுவிட்டு வெறும் நாமம் சொல்லுங்கள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தால் தொண்டை காய்ந்து இருமல்தான் மிச்சம்.

எண்ணிக்கைக்கு மாலை வேண்டியதில்லை. வலது கையில் கட்டைவிரலைத் தவிர்த்த நாலு விரலிலும் விரலுக்கு மூன்று கணுவாக 12 கணு இருக்கிறது. கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் அடிக்கணுவில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனால் ஒரு சுற்று 12. ஒரு சுற்று முடிந்ததும் இடது கையில் ஒரு கணு நகருங்கள். ஒன்பது சுற்றில் 108. மூச்சுக்கு ஒன்றென்றால் 108க்கு 18 நிமிடம். மூன்று சுற்று 36க்கு 6 நிமிடம். ஐந்து சுற்று 60க்கு 10 நிமிடம். கொழுந்துச் சாயம் பிடித்து வெடித்த விரலுக்கு இது இன்னொரு வகையிலும் நல்லது: கணுவைத் தொடும்போது தொட்டது தெரிய வேண்டும். தெரியாமல் நாலைந்து கணு போயிருந்தால் மனம் எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். திட்டிக்கொள்ளாமல் அந்தச் சுற்றின் முதல் கணுவுக்குத் திரும்புங்கள். ருத்திராட்ச மாலை வைத்திருப்பவர்கள் தலைமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு தொடர்வார்கள், ஆள்காட்டி விரலை மணியில் படவிட மாட்டார்கள். அது மரபு, மாலை இல்லாதவருக்கு ஒரு குறையும் இல்லை.

தீட்சை பற்றி. சைவத்தில் சமய தீட்சை பெற்று, அனுட்டானம் என்கிற அன்றாடக் கடமைகளோடு விதிப்படி பஞ்சாட்சர செபம் செய்வது ஒரு ஒழுங்கு. அதற்குக் குரு வேண்டும். பீஜ எழுத்துகள் (ஓம், ஹ்ரீம் போன்ற வித்தெழுத்துகள்) சேர்ந்த மந்திரங்களுக்கும், நியாசம் செய்து, அதாவது உடம்பில் இடம் இடமாகத் தொட்டு, சொல்ல வேண்டியவற்றுக்கும் அப்படித்தான். வீடியோ பார்த்து அவற்றில் கை வைக்க வேண்டாம். ஆனால் முருகா, அம்மா, சிவசிவ, சரவணபவ என்று பெயர் சொல்லிக் கூப்பிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெயரை அடிக்கடி மாற்றாதீர்கள், அது ஒன்றுதான் நிபந்தனை. இந்த மாதம் முருகன், அடுத்த மாதம் வேறொன்று, யாரோ சொன்னார்கள் என்று இன்னொன்று என்று போனால் எதுவும் ஊறாது. வேதக்கார (கிறிஸ்தவ) வீடென்றால் செபமாலை இருக்கிறது, முஸ்லிம் வீடென்றால் இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிற திக்ர் இருக்கிறது. மேலே சொன்ன மூச்சும் திரும்பிவருகிற வேலையும் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

உரக்கச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாஞ்சு, மனதுக்குள் சொல்வது மானசம். மானசம்தான் உயர்ந்தது என்று நூல்கள் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் மானசத்தில் தொடங்கித்தான் தூங்கிவிழுகிறார்கள். அடுத்த காம்பராவில் டிவி சத்தம் சுவர் தாண்டி வரும்போது மானசம் நிற்காது. முதல் இரண்டு மூன்று மாதம் உதடு அசைகிற உபாஞ்சுதான் உங்களுக்குச் சரி. பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளைக்குக் கேட்காது, உங்கள் காதுக்குள் கேட்கும். சத்தமில்லாத இடம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் லயத்தில் அது கிடைக்கப்போவதில்லை. சத்தத்தோடு சண்டைபிடிக்காமல், அதற்குள் இன்னொரு சின்னச் சத்தத்தை வைத்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொள்வது நம்மைப்போன்றவர்களுக்கான வழி.

உட்காருவது. சீமெந்துத் தரையில் நேரே உட்காராதீர்கள். தை, மாசியில் அந்தக் குளிர் இடுப்பில் ஏறினால் ஒரு வாரம் கொழுந்துப் பையைச் சுமக்க முடியாது. கீழே உரச்சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் கம்பளியை நாலாக மடித்து, பின்பக்கத்தை மட்டும் அதில் ஏற்றுங்கள். இடுப்பு முழங்காலைவிட 3, 4 அங்குலம் உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். உயரம் இல்லாமல் சம்மணம் போட்டால் பத்து நிமிடத்தில் முதுகு கூனி, தாடை கீழே விழுந்து, தூக்கம் வரும். நாள் முழுக்கச் சாய்வில் நின்ற முழங்காலுக்குச் சம்மணம் வலித்தால் ஸ்டூலில் இருங்கள், பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படட்டும். கால் மரத்துப்போனால் பயமில்லை, நீட்டினால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும்; முழங்காலின் உள்பக்கம் கத்தி வைத்ததுபோல் வலித்தால் உடனே எழும்பிவிடுங்கள். பத்மாசனத்துக்கும் மன அமைதிக்கும் கட்டாயத் தொடர்பு ஒன்றும் கிடையாது.

நேரம் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடத்துக்கு முன்னால் தொடங்கி 48 நிமிடத்துக்கு முன்னால் முடிவது. நம் ஊரில் ஏறக்குறைய நாலே காலுக்கும் ஐந்தரைக்கும் இடையில், மாதத்தைப் பொறுத்து. நல்ல நேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரவு பதினொன்றுக்குப் படுக்கிறவர் நாலுக்கு எழும்பிச் சாதனை செய்தால், தூக்கத்தில் குறைந்தது பகலில் கோபமாகத் திரும்பி வரும். நீங்கள் எப்படியும் நாலரைக்கு எழும்புகிறீர்கள். எழும்பி, முகம் கழுவி, அடுப்புப் பற்றவைக்கும் முன் 36 சொல்லுங்கள். ஆறு நிமிடம். அதற்கு முன் போனைத் தொடாதீர்கள். இந்த ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்திருங்கள். முதலில் கண்ணில் படுவது கடன் கொம்பனியின் மெசேஜ் என்றால் அந்த ஆறு நிமிடமும் போச்சு. பின்னேரம் வேலை விட்டு வந்து, குளித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் 60. இரண்டு மாதம் போனபிறகு அதை 108 ஆக்கலாம். வந்த கையோடு அழுக்கோடும் பசியோடும் உட்கார வேண்டாம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டே இருங்கள், வயிறு முட்டத்தான் கூடாது.

இனி உங்கள் முக்கியமான முறைப்பாடு: கண்ணை மூடினால் கடனும் சண்டையும் ஓடுகின்றன. ஓடட்டும். உட்கார்ந்ததால் அவை கூடவில்லை, பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்ததை இப்போதுதான் காண்கிறீர்கள். முதல் மூன்று நாலு வாரம் பெரும்பாலானோருக்கு இப்படித்தான் இருக்கும், அங்கேதான் பெரும்பாலானோர் விடுகிறார்கள். கடன் நினைவு வந்தால் "கடன்" என்று மனதுக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டுக் கணுவுக்குத் திரும்புங்கள். சண்டை வந்தால் "சண்டை". அதற்குப் பதில் சொல்லத் தொடங்காதீர்கள். மாமிக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று வசனம் எழுத ஆரம்பித்தால் பத்து நிமிடம் தெரியாமலே போய்விடும். ஒரு இருப்பில் முப்பது தடவை ஓடி முப்பது தடவையும் திரும்பியிருந்தால் அந்த இருப்பு நன்றாகவே நடந்திருக்கிறது. ஓடாமல் இருந்தால்தான் தியானம் என்று யாரோ சொல்லிவைத்தது பலரை வீணாகச் சோரவைத்திருக்கிறது.

ஆனால் கடனை மந்திரத்தால் மூடக்கூடாது. ஒரு கொப்பி எடுத்து, வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வையுங்கள், யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி, வட்டி என்ன, அடகில் என்ன இருக்கிறது, இந்த வாரம் செய்யக்கூடியது எது என்று எழுதுங்கள். கணவரோடு போனில் பேசுவதும் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டே. எழுதி வைத்ததை மனம் அவ்வளவாகத் திருப்பித் திருப்பிச் சொல்லாது; எங்கும் எழுதாத கணக்கைத்தான் இரவு ஒரு மணிக்கு எழுப்பிச் சொல்லும். சாதனைக்கும் இந்தக் கொப்பிக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். யோகத்தில் இயமமும் நியமமும் முதலில் வருவது இதற்காகத்தான்: வாழ்க்கையில் கலைந்து கிடப்பது உட்காரும்போது முன்னால் வந்து நிற்கும்.

மலையில் நிற்கும்போதும் செய்யலாம், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற கைக்கு ஏற்கனவே ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தில் பெயரை ஏற்றிவிடுங்கள். மனம் கலைந்ததா என்று பார்க்க உள்ளங்கையைப் பார்த்தால் போதும். கவலைக்குள் போனதும் கை கண்டபடி இழுக்கும். முற்றின இலையும் காம்பும் சேர்ந்து வரும். மடுவம் என்கிற கொழுந்துக் கொட்டகையில் நிறுக்கும்போது அதற்கு எடையில் வெட்டும் விழும். பையில் போடுவதற்கு முன் அந்த ஒரு பிடியைப் பார்த்தீர்களென்றால் மனம் எங்கே இருந்தது என்று இலை சொல்லிவிடும். ஆனால் இங்கே கண்ணும் காதும் திறந்திருக்க வேண்டும். சறுக்குகிற சாய்வு, கல் வங்கி, செடிக்குள் குளவிக்கூடு. இவற்றுக்கு நடுவில் மயங்கிய செபம் ஆபத்து. மழைநாளில் இறக்கத்தில் நடக்கும்போது செபத்தை நிறுத்திவிட்டுப் பாதத்தை மட்டும் கவனியுங்கள். கவனம்தானே வேண்டும், அது காலில் இருந்தால் என்ன.

அமைதி கெடுகிற இடம் அநேகமாகப் பீலிக்கரையும் அடுப்படியும்தான். தண்ணீர் பிடிக்கிற வரிசையில் ஒரு சொல், சமைக்கும்போது மாமியிடமிருந்து ஒரு சொல். கோபம் வாய்க்கு வருமுன் உடம்பில் வந்துவிடும்: தாடை இறுகும், பிடரி சூடாகும், குடத்தைப் பிடித்த கை இறுகும். உங்களுக்கு எந்த இடம் என்று ஒரு வாரம் பார்த்து வையுங்கள். அந்த இடம் இறுகியது தெரிந்ததும் பதில் சொல்லாமல் ஒரே ஒரு நீண்ட மூச்சு, ஆறு எழுத்தும் முடியும்வரை வெளியே விடுங்கள். பிறகு பேசுவதென்றால் பேசுங்கள். ஆறு வினாடிதான், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். பத்தில் இரண்டு தடவை பிடித்தால் அது நல்ல தொடக்கம். மௌன விரதம் இருக்க ஆசைப்பட்டால் பின்னேரம் அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வாயை மூடினால் "முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்" என்று புதிதாக ஒரு சண்டை வரும்.

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) தம்மிடம் வந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன நாலு வாக்கியங்களில் ஒன்று "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்பது. மற்ற மூன்றும் "எப்பவோ முடிந்த காரியம்", "நாம் அறியோம்", "முழுதும் உண்மை". இரவில் படுத்தபிறகு, நாளின் சண்டைகளை ஒரு தடவை ஓடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த முதல் வாக்கியத்தைச் சொல்லி விடுவது நல்ல பயிற்சி. ஆனால் இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறுவையில் மோசடி நடந்தால், கைக்காசு சரியாக வராவிட்டால், சங்கத்தில் பேச வேண்டிய இடத்தில் "எல்லாம் அவன் செயல்" என்று இருப்பது அமைதி கிடையாது. மனம் தணிந்தவர்கள் சத்தம் குறைத்து, கணக்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் தெளிவாகக் கேட்பார்கள். வீட்டில் அடி உதை நடந்தாலும் அப்படியே. அதைச் சகித்துக்கொள்ளச் செபம் ஒரு மருந்தாகக் கூடாது, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் அதற்குத்தான் இருக்கிறது.

இடையில் வருகிற தடங்கல்கள் சில. உட்கார்ந்ததும் தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து விளக்குச் சுடரின் அடிப்பாகத்தைப் பாருங்கள், அப்படியும் வந்தால் நின்றுகொண்டு சொல்லுங்கள். தினமும் ஐந்து நிமிடத்துக்குள் தூங்குகிறீர்கள் என்றால் உடம்புக்குத் தூக்கம் தேவை, பின்னேர இருப்பை 36க்குக் குறைத்துவிட்டு நேரத்தோடு படுங்கள். அழுகை வரலாம், பல வருடம் அடக்கி வைத்தது. வந்து போகட்டும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல், செத்தால் தேவலை என்ற எண்ணம் வந்தால் அது சாதனையால் சரிசெய்கிற விஷயம் இல்லை. ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மருந்து எடுத்துக்கொண்டே செபமும் செய்யலாம், ஒன்றுக்கொன்று பகையில்லை.

கண்ணுக்குள் வெளிச்சம், உடம்பு ஆடுவது, யாரோ பேசுவதுபோல் கேட்பது. மாரியம்மன் திருவிழாவில் தப்பு மேளச் சத்தத்துக்கு அருள் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் உட்கார்ந்த இடத்தில் உடம்பு லேசாக ஆடினாலும் "சாமி வந்துவிட்டது" என்று வீட்டார் விபூதியோடு ஓடிவருவார்கள். திருவிழாவில் வருவது ஒரு கூட்டத்துக்குள், தப்போடும் உடுக்கோடும், அதைத் தணிக்கத் தெரிந்த பூசாரி பக்கத்தில் நிற்க நடப்பது. அதை மதியுங்கள், காம்பராவுக்குள் கூப்பிடாதீர்கள். ஆட்டம் வந்தால் கண்ணைத் திறந்து, உள்ளங்கை இரண்டையும் தரையில் ஊன்றி, பத்து மூச்சு சாதாரணமாக விட்டால் நின்றுவிடும். நின்றால் அன்றைக்கு அதோடு எழும்பிவிடலாம். குரல் கேட்பது சாதனை நேரத்துக்கு வெளியிலும் தொடர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

விரதத்தைச் சேர்த்து இழுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை பட்டினி, செவ்வாய்க்கிழமை பட்டினி, நடுவில் கந்தசஷ்டி என்று வெறும் வயிற்றோடு சாய்வில் ஏறினால் கைகால் நடுங்கி விழுவீர்கள். மரக்கறிச் சாப்பாட்டோடு ஒரு நாளை ஒதுக்கினால் போதும்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு வழக்கமாக 48 நாள், ஒரு மண்டலம் என்பார்கள். பழக்கம் ஊன்ற அது நல்ல அளவு. ஆனால் 48ஐ விரதம்போலக் கட்டிக்கொண்டால் 19ஆம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தவறியதும் "கெட்டுப்போச்சு" என்று மொத்தமாக விடுவீர்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு சட்டம்: தொடர்ந்து இரண்டு நாள் தவறக்கூடாது. கொழுந்து அதிகமான சித்திரை, வைகாசியில் உடம்பு ஓய்ந்துபோகும். அப்போது ஒரு சுற்று, 12 மூச்சு, இரண்டு நிமிடம் சொன்னாலும் அன்றைய கணக்கில் சேரும். முன்னேற்றத்தை வெளிச்சத்தையும் சிலிர்ப்பையும் வைத்து அளக்காதீர்கள். சண்டை முடிந்து எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறீர்கள், பிள்ளைகளிடம் எத்தனை தடவை கத்தினீர்கள், படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது, இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை அதே கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் முதலாவது குறையத் தொடங்கும். மாமி அதை உங்களுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார், வாயால் சொல்லமாட்டார்.

பௌர்ணமியில் போயா விடுமுறை மாதம் ஒன்று வருகிறதே, அன்றைக்கு ஒரு நீண்ட இருப்பு வைக்கலாம். கோயிலில் கூட்டம் கலைந்தபிறகு மொத்தம் ஒரு மணித்தியாலம்: 20 நிமிடம் உட்கார்ந்து, 10 நிமிடம் மெதுவாகப் பிரகாரம் சுற்றி, மறுபடி உட்கார்ந்து. நுவரெலியாவில் முருகேசு சுவாமிகள் நிறுவிய காயத்ரி பீடமும், ரம்பொடையில் சின்மயா மிஷனின் ஆஞ்சநேயர் கோயிலும் இப்படி உட்கார ஏற்ற இடங்கள். முறையாகச் சில நாள் தங்கிப் பழக விரும்புகிறவர்களுக்குக் கண்டிப் பக்கம் கலஹாவை அண்டி நிலம்பை தியான நிலையம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு காலமான கொட்வின் சமரரத்ன நீண்டகாலம் கற்பித்த இடம். பௌத்த நிலையம்தான், ஆனால் மூச்சையும் கோபத்தையும் கவனிக்கிற பாடத்துக்கு மதம் தடையாக இருக்காது. மார்கழியிலிருந்து வெசாக் (வைகாசிப் பௌர்ணமி) வரையான பருவத்தில் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் நல்லதண்ணிப் பக்கப் பாதையை எடுத்தால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள்; பேசாமல், படிக்கு ஒரு நாமம் என்று ஏறிப் பாருங்கள். இறங்கும்போதும் பேசாமல் இறங்குவதுதான் கஷ்டம்.

கடைசியாகத் தீட்டு நாட்கள். கோயிலுக்குள் போவது, விளக்குத் தொடுவது எல்லாம் உங்கள் வீட்டு வழக்கம். அதை மாமியோடு வாதாடித் தீர்க்க இது நேரமில்லை. மனதுக்குள் நாமம் சொல்வதை எந்த வழக்கமும் நிறுத்தவில்லை. அந்த நாட்களில் மூச்சுக் கணக்கைத் தளர்த்துங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் படுத்தபடியே காலையில் ஒரு சுற்றும் இரவில் ஒரு சுற்றும் மானசமாகச் சொல்லுங்கள். இரத்தப்போக்கு ஒவ்வொரு மாதமும் ஏழு நாளுக்கு மேல் போனால் கிளினிக்கில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஹீமோகுளோபின் குறைவுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.